பார்க்காமல் பூஜ்ஜியம் எழுதக் கூடாது

ஜனவரி முதல் ஞாயிறு வந்தால் ஹெல்மி ரவ்தியோவை யாரும் எதற்கும் கூப்பிடக் கூடாது. சர்ச்சில் விருந்து சமைக்கக் கூப்பிட்டாலும் வரமாட்டாள். சாவு வீட்டுக்குக் கூப்பிட்டால், "நாளைக்கு வர்றேன், பொணம் எங்கயும் ஓடிப் போயிடாது" என்பாள். அன்றைக்குப் பகல் முழுக்க டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அடுப்பில் காபி, மடியில் போன வருஷத்துப் பனிக் கணக்கு, காதில் நீலக்கல் கம்மல். டெலிபோனில் பேசுவதற்கு எதற்கம்மா கம்மல் என்று எதிர்வீட்டு ஆர்வோ ஒரு தடவை கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மிச்சிகனின் வடக்கு ஓரத்தில், சுப்பீரியர் ஏரிக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு கிடக்கிற கீவினாவில் அவள் வீடு. பள்ளிக்கூடத்தில் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் அவளுக்குப் பெயர் என்னவோ 'பனி அளக்கிற ஹெல்மி' என்பதுதான். அரசாங்கத்துக்காகச் சம்பளமில்லாமல் வீட்டுக் கொல்லையில் வானிலை குறிக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களில் ஒருத்தி. தினமும் காலை ஏழு மணிக்கு, கொல்லையில் மட்டமாகக் கிடக்கும் வெள்ளைப் பலகையின் மேல் விழுந்திருக்கும் பனியை அடிக்கோலால் அளப்பாள். பிறகு பலகையை வழித்து, புதுப் பனியின் மேல் வைத்துவிட்டு உள்ளே வந்து எழுதுவாள். புருஷன் உர்ஹோ ஆரம்பித்து வைத்த வேலை. உர்ஹோவை அடக்கம் செய்த அன்றைக்குக்கூட, கறுப்புக் கவுனோடு போய் அளந்துவிட்டுத்தான் சர்ச்சுக்கு வந்தாள். ஒரு நாள் விடுபட்டது கிடையாது.

டெலிபோனில் அந்தப் பக்கத்து ஆள் ரமிரோ அர்மெந்தா. அரிசோனாவில், யூமாவுக்குக் கிழக்கே, பேரீச்சந் தோப்புக்காரர். மனைவி போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம் ஆகிறது. அவருக்கும் இதே பைத்தியம். காலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு போய் மழை அளக்கும் குழாயை எட்டிப் பார்ப்பார். உள்ளே ஒரு பொட்டுத் தண்ணீர் இருக்காது. பூஜ்ஜியம் என்று எழுதுவார். ஒன்றுமில்லாததைப் பார்ப்பதற்கு ஒரு ஆளா என்று கேட்காதீர்கள். பார்க்காமல் பூஜ்ஜியம் எழுதக் கூடாது என்பது இந்தக் கூட்டத்துக்கு வேதம். பார்த்து, இல்லை என்றால்தான் பூஜ்ஜியம். பார்க்கவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். ஒரு கட்டம் காலியானால் அந்த வருஷமே மூளிதான், அதை வேறு எந்த வருஷத்தோடும் ஒப்பிட முடியாது. ஒப்பிட முடியாத வருஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பார்கள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. இவர்களைப் போன்றவர்களுக்கு வரும் ஆண்டுச் செய்தித்தாளில், அந்த வருஷத்து விசித்திரங்கள் என்று ஒரு பக்கம் போட்டிருந்தார்கள். அதில் ஜூன் மாதம் பனி விழுந்த ஹெல்மியின் கொல்லையும், கோடையில் தொடங்கிக் குளிர்காலம் வரை சொட்டு மழை காணாத ரமிரோவின் தோப்பும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. அந்த வாரமே டெலிபோன் அடித்தது.

"பனிக்காரம்மாவா? நான் அடுத்த பத்தியில இருக்கறவன் பேசறேன். உங்க ஊர்ல ஒரு வாரம் விழறதை உருக்கினா, நான் பொறந்ததுல இருந்து பார்த்த மழையை விட ஜாஸ்தி வரும் போல இருக்கே. கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிவிடக் கூடாதா?"

"தள்ளி விடறேன். நீங்க வெயிலை மூட்டை கட்டி அனுப்புங்க. எடைக்கு எடை."

"எடை போட்டா நாங்கதான் ஜெயிப்போம். உங்களுக்கு வெயிலோட ருசியே தெரியாது."

"எங்க பனியில ஒரு ராத்திரி நின்னு பாருங்க, அப்பறம் பேசலாம்."

அப்படித் தொடங்கியதுதான் போட்டி. யாருடைய வருஷம் அதிக விசித்திரம்? முதல் வருஷம் பெரிய ரகளை. ஆளுயரப் பனியையும் விரற்கடை மழையையும் எப்படி ஒன்றாக வைத்துப் பார்ப்பது? ஒரு மணி நேரம் கத்திவிட்டுக் கடைசியில் ரமிரோதான் வழி சொன்னார். "எது பெருசுன்னு பார்க்க வேணாம்மா. அவங்கவங்க ஊரு, அதோட சொந்த குணத்துல இருந்து எவ்வளவு விலகிச்சு? அதான் கணக்கு." ஹெல்மிக்கு அது பிடித்துப்போனது. தோற்றவர் பார்சல் அனுப்ப வேண்டும். அங்கிருந்து பேரீச்சம்பழம், இங்கிருந்து அவள் காட்டில் பறித்துக் காய்ச்சிய தீம்பிள்பெர்ரி ஜாம். நடைமுறையில் யார் தோற்றாலும் இரண்டு பார்சலும் போகும்.

வருஷத்துக்கு ஒரு நாள் பேச்சு என்றுதான் ஏற்பாடு. ஆனால் நடுவில், "இன்னிக்கு இங்க நாலு சொட்டு விழுந்துச்சு, சும்மா சொல்லலாம்னு" என்று அவர் கூப்பிடுவார். "ஏரியில ஐஸ் உடையற சத்தம் கேக்குதா, இருங்க, ஜன்னலைத் திறக்கறேன்" என்று இவள் கூப்பிடுவாள். தரையை நனைத்தும் அளக்க வராத மழைக்கு இவர்கள் கணக்கில் 'சொட்டு' என்று ஒரு குறி உண்டு. அதில் ஒரு கொடுமை, எத்தனை சொட்டைக் கூட்டினாலும் கூட்டுத்தொகை சொட்டுத்தான். வருஷம் முழுக்கச் சொட்டியிருந்தாலும் அளவு என்று ஒன்று வராது. ஒன்பது வருஷத்துப் பேச்சை நினைக்கும்போதெல்லாம் ஹெல்மிக்கு அந்தக் கூட்டல்தான் ஞாபகம் வரும்.

போய்ப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். எங்கே போவது? கோடையில் அந்த ஊருக்கு இவள் போனால் வெந்துபோவாள். குளிர்காலத்தில் கிளம்பினால் பனியை யார் அளப்பது? அவருக்கு இலையுதிர் காலத்தில் அறுவடை, வசந்தத்தில் பாளைக்கு மகரந்தம் கட்டும் வேலை. மிச்ச நாளில் வாங்களேன் என்றால், "வருஷத்துல ரெண்டு மூணு நாள்தான் மழையே. நான் உங்க ஊர்ல பனியைப் பார்த்து வாயைப் பொளந்துட்டு நிக்கற நேரத்துல இங்க கொட்டிட்டா?" என்பார். அவர் வாழ்நாளில் பனியைத் தொட்டதில்லை. தொட்டுப் பார்க்க ஆசை என்று மட்டும் வருஷா வருஷம் சொல்வார்.

இந்த ஜனவரியில் ஹெல்மியின் ஜன்னலுக்கு வெளியே புல் தெரிந்தது. கீவினாவில், ஜனவரியில், புல்! இப்படி ஒரு அநியாயத்தை யாரும் பார்த்ததில்லை. நாய்வண்டிப் பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள். விடுதிக்காரர்கள் ஈ ஓட்டினார்கள். நெடுஞ்சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஆர்வோ, ஆசை ஆசையாகப் புது பனி தள்ளும் மெஷின் ஒன்று வாங்கி, ஒரு தடவைகூட ஓட்ட வழியில்லாமல் தினமும் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டெலிபோன் அடித்தது.

"என்ன பனிக்காரம்மா, தோல்வியை ஒத்துக்கறீங்களா?"

"யாரு தோத்தது? எங்க ஊர்ல தரை தெரியுது ரமிரோ! இதை விட என்ன விலகல் வேணும் உங்களுக்கு?"

"ஆகஸ்ட்ல ஒரே மத்தியானத்துல ஒரு வருஷத்து மழை கொட்டிச்சே, மறந்துட்டீங்களா? தோப்புல தவளை கத்துச்சும்மா. என் பேத்தி தவளையைப் பார்த்துட்டு, கல்லு குதிக்குதுன்னு அழுதா."

ஹெல்மி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு விஷயம் சொல்லணும். தோப்பை வித்துட்டேன். முட்டி ரெண்டும் போயிடுச்சு, மரம் ஏற ஆளும் கிடைக்கல. பிப்ரவரி கடைசியில மக வீட்டுக்குப் போறேன். சான் டியேகோ. நாலாவது மாடி."

"குழாய் வைக்க இடம் இருக்குமா?"

"பால்கனி இருக்கு. அதுக்கு மேல கூரை. அங்க வச்சா நான்தான் தண்ணி ஊத்திட்டு அளக்கணும்."

"அப்போ அடுத்த வருஷம்?"

"நீங்க தனியா ஓடி முதல்ல வாங்க."

"போன் இருக்குமில்ல?"

"போனுக்கு என்ன, இருக்கும். எதைப் பத்திப் பேசறது?" என்றார் ரமிரோ. கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அன்று சாயங்காலம் ஹெல்மி சவுனா என்னும் நீராவிக் குளியல் அறையில் சுட்ட கல்லின் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு ஆவிக்கு நடுவில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எதைப் பற்றிப் பேசுவது? அவளுக்கும் தெரியவில்லை. அந்த மனுஷன் காலையில் என்ன சாப்பிடுவார், கோபம் வந்தால் எப்படி இருப்பார், கை சூடாக இருக்குமா சில்லென்று இருக்குமா, ஒன்றும் தெரியாது. ஆனால் டெலிபோன் அடிக்கிற சத்தத்திலேயே அது அவர்தான் என்று தெரியும். இத்தனை வருஷமாகப் பனி பனி என்று சொன்னது பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. பயம். போய் நின்று, அங்கே ஒன்றுமே இல்லாமல் போய்விட்டால்? பார்க்காமலே பூஜ்ஜியம் எழுதி வைத்தவள் அவள்தான். "எனக்கு அந்த ஆளைப் பார்க்கணும்," என்று சத்தமாகச் சொன்னாள். சொன்ன பிறகு, அது எவ்வளவு நாளாக உள்ளே கிடந்தது என்று புரிந்து, குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

மறுநாள் கூப்பிட்டாள். "நான் வர்றேன்."

"எங்கே?"

"எங்கேன்னா? சந்திரனுக்கா? அங்கதான். உங்க குழாயைப் பிடுங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை நானும் எட்டிப் பார்க்கணும்."

"பனியை யாரு அளப்பா?"

"விழுந்தாத்தானே!"

"பீனிக்ஸ் ஏர்போர்ட்டுக்கு வந்து நிக்கறேன்," என்றார்.

ஆர்வோவுக்குப் பாடம் நடந்தது. ஏழு மணி, அடிக்கோல், பலகை.

"என்னம்மா இது, மொட்டைத் தரை. என் ஜன்னல்ல இருந்தே பூஜ்ஜியம் தெரியுது," என்றார் ஆர்வோ.

"ஜன்னல்ல இருந்து தெரிஞ்சா அது பூஜ்ஜியம் இல்ல, சோம்பேறித்தனம். கிட்டப் போய்ப் பாருங்க. பலகையை மட்டும் தொடாதீங்க."

"முப்பது வருஷம் பனியோட குடித்தனம் பண்ணினவன்கிட்ட வந்து சொல்றா பாரு," என்று முணுமுணுத்துக்கொண்டே அடிக்கோலை வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி மூன்றாவது வாரம், கிளம்புகிற அன்று காலை பலகை வெறிச்சென்று கிடந்தது. பூஜ்ஜியம் எழுதிவிட்டு, நீலக்கல் கம்மலைப் போட்டுக்கொண்டு, பெட்டியோடு வாசலுக்கு வந்த ஹெல்மி அப்படியே நின்றுவிட்டாள். காற்று திரும்பியிருந்தது. வடமேற்கிலிருந்து அடித்தது. ஏரி இந்த வருஷம் உறையவே இல்லை, கறுப்பாக, திறந்துகொண்டு கிடக்கிறது. அதன் மேல் இந்தக் காற்று வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாளைக்கு விழப்போகிறது. குளிர்காலம் முழுக்க வராத மொத்தப் பனியும் நாளைக்கு வரப்போகிறது. புல் தெரிந்த வருஷத்தில் இப்படி ஒரு பனி! உர்ஹோ காலத்திலிருந்து இந்தக் கொல்லை பார்த்த மிகப் பெரிய விசித்திரம் அதுவாகத்தான் இருக்கும். விழுந்த அன்றே அளக்க வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் பனி தன் கனத்திலேயே அமுங்கிவிடும். பிறகு அங்கே இருப்பது விழுந்தது இல்லை, மிஞ்சியது.

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். கையுறையைக் கழற்றினாள், மறுபடி போட்டாள். ஆர்வோ வண்டியை உறுமவிட்டுக்கொண்டு, "வர்றியா இல்லையாம்மா? விமானம் உனக்காக நிக்காது," என்று கத்தினார். ரமிரோவிடம் தோப்பு இன்னும் பத்து நாள்கூட இருக்காது. போ, சனியன், விழுந்து தொலை என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஹெல்மி வண்டியில் ஏறினாள்.

அந்தக் குளிர் அவளைச் சும்மா விடவில்லை, பின்னாலேயே சிகாகோவுக்கு வந்தது. விமானங்கள் நின்றுவிட்டன. கைபேசியிலும் உயிர் இல்லை, சார்ஜரைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டாள். ராத்திரி முழுக்க நாற்காலியில் சுருண்டு கிடந்து, காலையில் ஏறி, பீனிக்ஸ் வந்து சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. பெட்டியை எடுத்து, சார்ஜரைச் சுவரோரம் செருகி, கைபேசிக்கு உயிர் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தாள்.

அங்கே ஒரு சின்ன மனுஷர் நின்றிருந்தார். அந்தக் குரலுக்கு இன்னும் ஒரு முழமாவது உயரம் இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார். சட்டை கசங்கியிருந்தது. கண் சிவந்திருந்தது. வானிலையைப் பற்றிப் பேசக்கூட ஹெல்மிக்கு வாய் வரவில்லை.

"கம்மல் நல்லா இருக்கு," என்றார் அவர்.

"ஒன்பது வருஷமாப் போடறேன்," என்றாள் ஹெல்மி. "நீங்க போன் பண்ற அன்னிக்கெல்லாம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு அவள் பெட்டியை வாங்கிக்கொண்டார். கை சூடாகத்தான் இருந்தது.

வண்டி நிற்கும் இடத்துக்குப் போவதற்குள் கைபேசி அலறியது. ஆர்வோ.

"ஏம்மா ஹெல்மி, எங்க போய்த் தொலைஞ்ச? எத்தனை தடவை கூப்பிடறது! கொட்டுதும்மா! இடுப்பளவு! என் ஆயுசுல ஒரே ராத்திரியில இப்படிப் பார்த்ததில்ல!"

ஹெல்மி நடுவழியில் நின்றாள். "அளந்தீங்களா?"

"அது... அளக்கலாம்னுதான் கிளம்பினேன். சரி, முதல்ல வழி பண்ணுவோம்னு புது மெஷினை எடுத்தேன். என்னமா ஓடுது தெரியுமா! வழுவழுன்னு வெண்ணெய் மாதிரி. உன் வாசல், கொல்லை எல்லாம் சுத்தமா தள்ளிக் கொடுத்துட்டேன். காசெல்லாம் வேண்டாம்."

"கொல்லையுமா?"

"ஆமா. அங்க ஏதோ பலகை ஒண்ணு மாட்டிச்சு. மெஷின் அதைச் சில்லுச் சில்லாத் தூக்கி ஏரிப் பக்கம் எறிஞ்சிடுச்சு. அது முக்கியமானதா?"

ரமிரோவுக்கு எல்லாம் கேட்டது. ஆர்வோ பேசினால் அரிசோனாவுக்குப் போன் வேண்டாம். "ரோட்டுல, வயல்ல எங்கயாவது அளந்துக்கலாமே..." என்று பதறினார். ஹெல்மி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"காத்து குமிச்சது, மெஷின் குமிச்சதெல்லாம் கணக்குல வராது. ஆர்வோ, நல்லா தள்ளினீங்க. ஒண்ணும் எழுதாதீங்க. இன்னிக்குக் கட்டம் காலி," என்றாள்.

போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. புருஷன் செத்த அன்றைக்கும் விடாதது இன்று விட்டுப்போனது. வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டாள். ஆனால் செத்துப்போகிற வலி இல்லை.

"இந்த வருஷம் நீங்கதான் ஜெயிச்சீங்க," என்றாள். "என் வருஷம் மூளியாயிடுச்சு. உங்க குழாய்ல இன்னிக்கு என்ன? வழக்கம் போல பூஜ்ஜியமா?"

ரமிரோ தொப்பியைப் பார்த்தார்.

"பூஜ்ஜியமாத்தான் இருக்கும். வானத்துல ஒரு மேகமில்ல."

"இருக்கும்னா?"

"பார்க்கலையே. நேத்து சாயங்காலமே இங்க வந்துட்டேன். விமானம் எப்போ வரும்னு யாரும் சொல்லல. வீட்டுக்குப் போனா திரும்பி வர மூணு மணி நேரம். நடுவுல நீங்க வந்து இறங்கி, ஆள் இல்லன்னு நினைச்சுட்டீங்கன்னா? அந்த நாற்காலியிலயே இருந்துட்டேன்." தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, "பார்க்காம எப்படிப் பூஜ்ஜியம் எழுதறது? எனக்கும் காலிதான்," என்றார்.

ஒரு பக்கம் இடுப்பளவு பனி, ஒரு பக்கம் பொட்டுத் தண்ணீர் இல்லாத மணல். இந்த ஒன்பது வருஷத்தில் இரண்டு ஊர்க் கட்டமும் ஒன்றாகக் காலியான நாள் என்று ஒன்று இருக்கிறது என்றால் அது இன்றைக்குத்தான். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி வரைக்கும் விடவில்லை.

ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் காய்ந்த வெளி. ரமிரோ ஓட்டினார். ஹெல்மி நாலைந்து தடவை வாயைத் திறந்து மூடினாள். பிறகு வண்டியின் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"ரமிரோ, நாலாவது மாடியில குழாய் வைக்க முடியாது. என் கொல்லையில பலகை போச்சு. அங்க மாடியெல்லாம் இல்ல, எங்க பார்த்தாலும் பனிதான். நீங்க அதைத் தொட்டதுகூட இல்லன்னு சொல்வீங்களே. வந்துடறீங்களா?"

ஒரு மைல் போனது. இரண்டு மைல் போனது. ஹெல்மி மடியில் கையைக் கோத்துக்கொண்டு, கேட்டிருக்கவே கூடாது என்றும், கேட்காமல் செத்திருந்தால் அதைவிடக் கேவலம் என்றும் மாற்றி மாற்றி நினைத்தாள்.

"அந்தப் பலகை எவ்வளவு பெருசு?" என்றார் ரமிரோ.

"ரெண்டு அடிக்கு ரெண்டு அடி," என்றாள் ஹெல்மி. "வெள்ளைப் பெயின்ட் அடிக்கணும்."

"தோப்புல நல்ல பலகை கிடக்கு. பெயின்ட்தான் இல்ல," என்று சொல்லிவிட்டு, எதிரே வந்த ஊரில் ஒரு கடை முன்னால் வண்டியை ஒதுக்கினார்.